உறவைப் பதிய இரண்டு நிரல்கள் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த கணினித் துறைக் கட்டுரையைப் படித்தேன். யார் யாருக்கு உறவு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சாலை, எந்த இயந்திரத்தில் எந்த உதிரிபாகம் என்பன போன்ற பின்னல் வடிவான தரவுகளை அட்டவணை முறைத் தரவுத்தளங்களில் வைக்க முடியாது என்றும், அத்தகைய தரவு கையில் இருப்பவர்கள் அதற்கென்றே உருவான கிராஃப் தரவுத்தளங்களுக்கு மாறிவிட வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. மதுரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தரவுத்தளப் பணியையே தொழிலாகக் கொண்டிருப்பவன் நான். இந்தக் கருத்தை நம்பிச் சிறு அலுவலகங்களும் கல்லூரி மாணவர்களும் தேவையற்ற செலவிலும் உழைப்பிலும் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கணிதப் பாடத்தில் கோட்டுரு என்றும் எங்கள் துறையில் கிராஃப் என்றும் வழங்கும் அமைப்பில் இருப்பவை புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே. ஒரு கோட்டைப் பதிய வேண்டுமானால், அது எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது என்று இரண்டு எண்களைக் குறித்தால் போதும். அதாவது, மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு பத்திகள், அதாவது இரண்டு நிரல்கள், கொண்ட அட்டவணையில் ஒரு வரிசை. இது பிற்காலத்தில் யாரோ செய்த ஒட்டுவேலையும் அன்று. அட்டவணை முறைக்கு அடித்தளமிட்ட கட்டுரையை ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 ஜூன் மாதம் வெளியிட்டார். உதிரிபாகங்களைப் பற்றிய அட்டவணை ஒன்றை அந்தக் கட்டுரையிலேயே அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். முதல் நிரலில் ஒரு பாகத்தின் எண், இரண்டாம் நிரலில் அது நேரடியாகப் போய்ச் சேரும் பெரிய பாகத்தின் எண், மூன்றாம் நிரலில் பெரிய பாகம் ஒன்றைச் செய்யச் சிறியது எத்தனை வேண்டும் என்ற அளவு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அளவு சேர்ந்த, எடையிட்ட கிராஃப் என்று இன்று வகுப்பில் சொல்லித்தரப்படுவது இதுவேதான்.

அட்டவணை பழையது, பின்னல் புதியது என்று கட்டுரையாளர் வகுத்துக்கொண்ட வரிசையும் தலைகீழானது. சார்லஸ் பாக்மன் 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய தரவுத்தளம், ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்கு, அது இருக்குமிடத்தைக் காட்டும் சுட்டி வைத்துக் கோத்த பின்னல்தான். அதற்காக 1973-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், மென்பொருள் எழுதும் நிரலாளரைத் தரவுக்கடலில் வழி கண்டு செல்லும் மாலுமியாக அவர் சித்திரித்தார். காட் எதிர்த்ததோ அந்த மாலுமி வேலையைத்தான். சுட்டிகளின் பாதையை அறிந்து எழுதப்பட்ட மென்பொருள், பாதை மாறினால் உடைந்துபோகும். பாதையைத் தேடிக்கொள்ளும் பொறுப்பைத் தரவுத்தளமே ஏற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தை அறியாமல் அட்டவணையை ஒதுக்குகிறவர்கள், அன்று தீர்த்துவைக்கப்பட்ட சிக்கலுக்குள்ளேயே மறுபடி போய் விழ நேரும்.

கட்டுரையாளரின் குறையில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடுகளைப் பதிவது எளிது. ஒரு புள்ளியிலிருந்து எத்தனை கோடுகள் தாண்டியாயினும் சென்றடையக்கூடிய எல்லாப் புள்ளிகளையும் கேட்டுப் பெறுவது அட்டவணை முறையில் நெடுங்காலம் இயலாமலே இருந்தது. அட்டவணைகளைக் கையாளக் காட் வகுத்த இயற்கணிதத்தால் அந்தக் கேள்வியை எழுதவே முடியாது என்பதை ஏஹோ, உல்மன் ஆகிய கணினி அறிஞர்கள் இருவரும் 1979-இல் நிறுவினார்கள். ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள் தனக்கென ஒரு தனிச் சொல்லாட்சியை வைத்துக்கொண்டு சமாளித்தது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான், கிடைத்த விடையிலிருந்தே மறுபடி மறுபடி கேட்டுச் செல்லும் மீள்வினவல், வித் ரிகர்சிவ் என்று தொடங்கும் வடிவில், முறைப்படி இடம்பெற்றது. அது மற்றத் தரவுத்தள மென்பொருள்களின் வழியே எல்லாருடைய கைக்கும் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின: மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 2005, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2009, எஸ்க்யூலைட்டில் 2014, மைஎஸ்க்யூஎல்லில் 2018. நான் வேலை செய்துகொடுத்த சிறு அலுவலகங்களில் பெரும்பாலானவை மைஎஸ்க்யூஎல்லையே வைத்திருந்தன. 2018 வரை அந்த வசதியைக் கண்ணால் பார்க்காத ஒரு தலைமுறை நிரலாளர்கள், அட்டவணையில் இதெல்லாம் நடக்காது என்று நம்பியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை இன்றும் தொடர்வதுதான் வருத்தம் தருகிறது.

இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், என் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கொண்டு விளக்க அனுமதி வேண்டுகிறேன். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு ஒன்று பெரியப்பாவின் கையெழுத்தில் இருந்தது. திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அதைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு 2011-இல் என்னிடம் வந்தது. தகப்பன் வழியை மட்டும் பதிவதானால் அது கிளை விரியும் மரம். ஒருவருக்குத் தகப்பன் ஒருவரே என்பதால், ஆட்களின் அட்டவணையில் தகப்பன் எண் என்று ஒரு நிரலைச் சேர்த்தாலே முடிந்தது. ஆனால் அப்போது மைஎஸ்க்யூஎல்லில் மீள்வினவல் கிடையாது. ஆகவே இட எண், வல எண் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் கொடுக்கும் முறையைக் கையாண்டேன். ஒருவருடைய வழித்தோன்றல்கள் அனைவரின் எண்களும் அவருடைய இரண்டு எண்களுக்கு இடையில் அடங்கிவிடும் என்பதால், படிப்பதற்கு அது மிக விரைவான முறை. எழுதுவதற்கோ அப்படியன்று. நோட்டின் முதல் பக்கத்துக் கிளையில் ஒரு பிள்ளை பிறந்தால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை பேரின் எண்களையும் இரண்டிரண்டு கூட்ட வேண்டும். ஒருமுறை அவ்வாறு எண்களை மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இல்லாத அட்டவணை வகை அது. சித்தப்பா மகனைப் பெரியப்பாவின் பேரனாகத் திரை காட்டியது. கோயில் கொடைக்கு முந்தைய வாரம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

சில ஆண்டுகள் கழித்துப் பங்காளிகள் கூட்டத்துக்கு வந்திருந்த அத்தை ஒருவர், “நாங்களும் இந்த வீட்டில் பிறந்தவர்கள்தானே, எங்கள் பேர் ஏன் இதில் இல்லை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அன்றோடு மரம் மரமாக இல்லாமல் போயிற்று. ஒருவருக்குத் தாய், தகப்பன் என்று மேல்நோக்கி இரண்டு கோடுகள் வந்துவிட்டன என்பது மட்டும் காரணமன்று. எங்கள் தாத்தாவின் மகன் ஒருவர் தம் அக்காள் மகளையே மணந்தவர். அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்கு எங்கள் தாத்தா தகப்பன் வழியில் தாத்தா, தாய் வழியில் கொள்ளுத்தாத்தா. தாத்தாவிலிருந்து எண்ணினால் அந்தப் பெண் ஒருவரே இரண்டாம் தலைமுறையிலும் நிற்கிறார், மூன்றாம் தலைமுறையிலும் நிற்கிறார். இட எண், வல எண் முறையில் இதற்கு இடமே இல்லை. வேரிலிருந்து வரும் பாதையை ஒரே எழுத்துச் சரமாகச் சேமிக்கும் முறையிலும் அவருக்கு இரண்டு பாதைகள் எழுத வேண்டிவரும். முறைப்பெண்ணைக் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் வம்சாவளி என்பது பின்னல்தான். அதை மரம் என்று எண்ணி வடிவமைத்தது என் தவறு.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறி, புதிதாக வடிவமைத்தேன். ஆட்களுக்கு ஓர் அட்டவணை. பெற்றவர் எண், பிள்ளை எண் என்று இரண்டே நிரல்கள் கொண்ட இன்னோர் அட்டவணை. அந்த இரண்டு நிரல்களையும் சேர்த்து முதன்மைத் திறவுகோலாக்கியதால், ஒரே உறவு இருமுறை பதிவாகாது. இரண்டும் ஆட்களின் அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோல்கள் என்பதால், இல்லாத ஆளுக்கு உறவு எழுத முடியாது. தமக்குத் தாமே பெற்றவராக எவரும் இருக்கலாகாது என்று ஒரு நிபந்தனை. முதன்மைத் திறவுகோல் பெற்றவரிலிருந்து பிள்ளைக்குப் போவதை விரைவாக்கும். பிள்ளையிலிருந்து பெற்றவருக்கு மேலேற, நிரல்களை மாற்றிப்போட்ட இன்னோர் இன்டெக்ஸ், அதாவது விரைந்து தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல், வேண்டும். இந்த இரண்டாவது இன்டெக்ஸை விட்டுவிட்டு, அட்டவணை முறை மெதுவாக இருக்கிறது என்று குறைசொன்னவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். திருமணத்துக்குத் திசை இல்லை என்பதால் அதைத் தனி அட்டவணையில் வைத்து, இருவரில் சிறிய எண் உடையவர் எப்போதும் முதல் நிரலில் வர வேண்டும் என்று விதித்தேன். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறையும் பெண் வீட்டார் ஒருமுறையுமாக ஒரே திருமணத்தை இரண்டாகப் பதிந்துவிடுவார்கள்.

ஒருவருடைய வழித்தோன்றல்கள் எல்லாரையும் கேட்கும் மீள்வினவல், திருமணப் பத்திரிகை வைக்கப் பட்டியல் எழுதுவதைப் போலவே நடக்கிறது. முதலில் அவருடைய பிள்ளைகள். அடுத்த சுற்றில், முந்தைய சுற்றில் வந்தவர்களுடைய பிள்ளைகள். புதிதாக எவரும் வராத சுற்றில் வேலை நின்றுவிடும். எழுதுவதற்குப் பத்து வரிகள்கூட ஆகாது. ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. சுற்றுகளை யூனியன் ஆல் என்று இணைத்தால், நான் மேலே சொன்ன பெண் பட்டியலில் இருமுறை வருவார். யூனியன் என்று மட்டும் இணைத்தால் ஒருமுறைதான் வருவார். அதே வினவலில் எத்தனையாவது தலைமுறை என்ற எண்ணையும் ஏந்திச் சென்றால், இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று இரண்டு வரிசைகளும் வேறுபட்டுவிடுவதால், யூனியனாலும் அவற்றை ஒன்றாக்க முடியாது. வெளியே இன்னொரு வினவலைச் சுற்றிப்போட்டு, ஆளுக்கு ஒரு சிறும எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் இன்னும் கடினமானது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது நம் வழக்கம். தரவு ஏற்ற உதவிய பிள்ளை ஒருவன், ஒருவருடைய தகப்பன் பெயரைத் தேடியபோது, அதே பெயர் கொண்ட பேரனின் எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டான். மகனுக்குத் தகப்பன் பேரன், பேரனுக்குத் தகப்பன் மகன் என்று கோடுகள் ஒரு வளையமாகிவிட்டன. தமக்குத் தாமே பெற்றவராகக் கூடாது என்ற நிபந்தனை இதைத் தடுக்காது. தலைமுறை எண்ணை ஏந்திய வினவல் ஒவ்வொரு சுற்றிலும் புதிய எண்ணோடு அதே இரண்டு பேரைக் கண்டுகொண்டே போயிற்று. வட்டில் இடம் தீர்ந்தபோதுதான் நின்றது. எஸ்க்யூஎல் சர்வர் இயல்பாக 100 சுற்றுகளிலும், மைஎஸ்க்யூஎல் 1000 சுற்றுகளிலும் பிழை காட்டி நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அத்தகைய வரம்பு இல்லை. வந்த பாதையை ஒரு பட்டியலாக ஏந்திச் சென்று, வந்த ஆளே மறுபடி வந்தால் அங்கே நிறுத்தும்படி வினவலைத் திருத்தினேன். 2021-இல் வெளியான 14-ஆம் பதிப்பிலிருந்து சைக்கிள் என்று தொடங்கும் ஒரே தொடரால் அதைச் செய்துகொள்ளலாம். அந்த வளையம் அகப்பட்டதால், நோட்டிலேயே இருந்த இதுபோன்ற இன்னொரு குழப்பமும் வெளிப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

குடும்ப நோட்டு சிறியது, பெரிய தரவுக்கு இது தாங்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஃபேஸ்புக் தன் நண்பர் உறவுகள், விருப்பங்கள், பின்னூட்டங்கள் ஆகியவற்றைச் சேமிக்கும் டாவோ என்ற அமைப்பைப் பற்றி அதன் பொறியாளர்கள் 2013-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் புள்ளிகளும் கோடுகளும் இறுதியில் போய்த் தங்குவது பல துண்டுகளாகப் பிரித்த மைஎஸ்க்யூஎல் அட்டவணைகளில்தான். அதற்கு மேலே விரைவு நினைவக அடுக்கு ஒன்றை வைத்து, நொடிக்கு நூறு கோடி வாசிப்புகளைத் தாங்கியதாக அக்கட்டுரை கூறுகிறது. அங்கே பெரும்பாலான கேள்விகள் ஒரு கோடு தாண்டினால் முடிந்துவிடுபவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தனிக் கிராஃப் தரவுத்தளங்களுக்கு உரிய இடமும் உண்டு. மீள்வினவலின் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் வரிசைகளை மட்டுமே பார்க்கும். இதுவரை கண்ட எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்து, இதைவிடக் குறுகிய வழி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று ஒரு கிளையை வெட்டிவிட அதனால் இயலாது. நெருக்கமான பின்னலில் பாதைகளின் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று பெருகிவிடும். சாலைகளில் குறுகிய வழி காண்பதற்குப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுடன் பிஜிரூட்டிங் என்ற இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். தரவு அட்டவணையிலேயே இருக்க, குறுகிய வழி காணும் டைக்ஸ்ட்ரா முறை போன்ற கணக்கீடுகளை அது தனியே செய்து தருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களில் பணத்தை மறைத்தவர்களைப் பற்றி 2016-இல் வெளிவந்த பனாமா ஆவணங்களின் எண்ணிக்கை 1 கோடியே 15 லட்சம். அவற்றில் யார் எந்த நிறுவனத்தின் வழியாக எவருடன் இணைகிறார் என்று முன்கூட்டித் தெரியாத பாதைகளைத் தேட வேண்டியிருந்த புலனாய்வுச் செய்தியாளர்கள், நியோஃபோர்ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த வேலைக்கு அது பொருத்தமான தேர்வு என்றே நானும் கருதுகிறேன்.

நான் கவலைப்படுவது அத்தகைய தேவை இல்லாதவர்களைப் பற்றித்தான். உதிரிபாகம் விற்கும் சிறு நிறுவனம் ஒன்று, பாகத்துக்குள் பாகம் என்ற பட்டியலுக்காகவே ஒரு கிராஃப் தரவுத்தளத்தைத் தனியாக அமைத்துக்கொண்டது. இருப்பும் விலையும் பழைய அட்டவணைகளில், பாகங்களின் அமைப்பு புதிய இடத்தில். ஒன்றில் நீக்கிய பாகம் மற்றொன்றில் நீங்காமல் நின்றது. விற்பனையை நிறுத்திவிட்ட பாகத்தைச் சேர்த்தே விலை கணக்கிட்டு, வாடிக்கையாளர்களுக்கு மதிப்பீடு அனுப்பிவிட்டார்கள். என்னை அழைத்தபோது அந்தப் பட்டியலைப் பார்த்தேன். காட் 1970-இல் காட்டிய அதே மூன்று நிரல்கள், 7 அடுக்கு ஆழம். திரும்பவும் அட்டவணைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்கு இணைப்பு வினவல்கள் நன்றாக வருகின்றன. மீள்வினவலைக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே தரவுத்தளத்தை அழைக்கும் சுழற்சியைத் தம் மென்பொருளில் எழுதிவைத்து, ஆயிரம் முறை போய்வந்த தாமதத்தைத் தரவுத்தளத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். 1999 முதல் தரநிலையில் இருக்கும் ஒன்றைப் பாடத்திட்டத்தில் உரிய இடம் கொடுத்துக் கற்பிக்க வேண்டுமென்று கல்லூரி ஆசிரியர்களைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். 2023-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையில், இருக்கும் அட்டவணைகளையே புள்ளிகளாகவும் கோடுகளாகவும் அறிவித்து, பின்னல் வடிவிலேயே கேள்வி கேட்பதற்கென 16-ஆம் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. தரவை இடம்மாற்றாமல் பார்வையை மட்டும் மாற்றிக்கொள்ளும் இந்த வழியைப் பற்றியும் மாணவர்கள் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

அக்கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் இருந்தால், எங்கள் குடும்ப நோட்டின் அட்டவணை அமைப்பையும், மேலே சொன்ன வினவல்களையும், பெயர்களை மாற்றிய மாதிரித் தரவோடு தமிழ் விளக்கம் எழுதி அனுப்பக் காத்திருக்கிறேன். மாணவர் எவரும் எஸ்க்யூலைட்டை இறக்கிக்கொண்டு, தம் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதி, ஒரே மாலைப்பொழுதில் செய்துபார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை